முக்கோணவியல் படித்தது நிஜ வாழ்க்கையில் யாருக்காவது பயன்பட்டிருக்கிறதா?

எனக்குப் பயன்பட்டது, அதுவும் ரூபாய்க் கணக்கில். நீங்கள் கேட்கிற தொனியைப் பார்த்தால், வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ‘உயரங்களும் தொலைவுகளும்’ பாடத்தோடு மல்லுக்கட்டுகிறது போலிருக்கிறது.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வெளிப்புறம் பெயிண்ட் அடித்தார்கள். சதுர அடிக்கு 18 ரூபாய் பேச்சு. பில்லில் சுற்றளவு 220 அடி, உயரம் 42 அடி. தரைத்தளமும் இரண்டு மாடியும் உள்ள கட்டடம் எப்படி 42 அடி வரும்? தளத்துக்குப் பத்தடி, பேஸ்மட்டம், கைப்பிடிச் சுவர் எல்லாம் சேர்த்தாலும் இடித்தது.

மகளின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து பாகைமானியை எடுத்தேன். நேர்விளிம்பில் ஒரு ஸ்ட்ராவை ஒட்டி, நடுத்துளையில் நூல் கோத்து, நுனியில் ஒரு நட்டைக் கட்டினேன். சுவரிலிருந்து 40 அடி தள்ளி நின்று ஸ்ட்ரா வழியாகக் கைப்பிடிச் சுவரின் உச்சியைப் பார்த்தால், நூல் 52-ல் நின்றது. 90-லிருந்து கழித்தால் ஏற்றக்கோணம், அதாவது கண் மட்டத்திலிருந்து உச்சியை நிமிர்ந்து பார்க்கும் கோணம், 38 பாகை. உயரத்தைத் தூரத்தால் வகுத்தால் வரும் விகிதம்தான் டேன்; டேன் 38 என்பது 0.78, தூரமான 40-ஆல் பெருக்கினால் 31 அடி சொச்சம். அதோடு என் கண் உயரம் ஐந்தேகால் அடி. (இதைக் கூட்ட மறப்பவர்கள்தான் அதிகம்.) ஆக 36½ அடி. பில்லில் கூடுதலாக ஏறியிருந்தது 21,780 ரூபாய்.

‘பாகைமானியெல்லாம் ஒரு கருவியா, ஒரு பாகை பிசகினால்?’ என்று யாராவது வருவீர்கள். பிசகினால் ஓர் அடிக்குச் சற்று மேல் மாறும், ஐந்தரை அடி மாறாது. எவரெஸ்ட்டையே நூறு மைலுக்கு அப்பாலிருந்து கோணம் பார்த்துத்தான் அளந்தார்கள்; நில அளவைத் துறையின் கணித வல்லுநர் ராதாநாத் சிக்தர் கணக்குப் போட, 1856-ல் 29,002 அடி என்று அறிவித்தார்கள். இன்றைய அளவு 29,032 அடி.

‘மொட்டை மாடியிலிருந்து டேப்பைத் தொங்கவிட்டால் தீர்ந்ததே’ என்பீர்கள். தொங்கவிடலாம், மாடிச் சாவி குடியிருப்புச் சங்கச் செயலாளரிடம் அல்லவா இருக்கிறது!

சரி, பில் விஷயம். கான்ட்ராக்டரின் ஆளே மேலே போய் டேப் பிடித்தார். 36 அடி 4 அங்குலம். முனகிக்கொண்டே திருத்திக் கொடுத்தார்கள்.

உங்கள் பிள்ளையை, வேலி போட்ட தண்ணீர்த் தொட்டி ஏதாவது இருந்தால் அளக்கச் சொல்லுங்கள். அடிக்குப் போகவே வேண்டாம். உச்சி 30 பாகையில் தெரிகிற இடம் ஒன்று, அப்படியே நேராக முன்னால் நடந்து 60 பாகையில் தெரிகிற இடம் ஒன்று. இடைப்பட்ட தூரத்தை 0.866-ஆல் பெருக்கிக் கண் உயரத்தைக் கூட்டினால் போதும். தரை மட்டும் சமமாக இருக்க வேண்டும்.