வீட்டுத்திட்டமும் வெள்ளவாய்க்காலும்: வாசகர் கேள்விகள்

பாதீட்டுக் காலம் வந்தால் எனக்கு வரும் கடிதங்களும் கூடும். எதிர்க்கட்சிக்காரர் பாராளுமன்றத்தில் ஒன்றைக் கேட்பார், இரவுச் செய்தியில் அரை நிமிடம் போகும், அடுத்த நாள் காலை கேற்றடியில் யாராவது நிற்பார்கள்: "ஐயா, அப்ப எங்கட விசயம் சரிவருமோ?" உள்ளூராட்சிக் கந்தோர்களில் காலத்தை ஓட்டியவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

2019இல் எங்களுக்கு வீட்டுத்திட்டம் கிடைத்தது. முதற்காசு தந்தார்கள், லிண்டல் மட்டத்தோடு நிற்கிறது. இதை ஒரு எதிர்க்கட்சி எம்.பி. கேட்டபோது "நிதி கிடைத்ததும் வழங்குவோம்" என்று பதில் வந்தது. இனிக் காசு வருமா? (சாவகச்சேரி)

அம்மா, அதைப் பதில் என்று எடுக்காதீர்கள். கேள்வியை வாசலில் வைத்தே திருப்பி அனுப்பும் வழி அது.

2015 முதல் 2019 வரை வீடமைப்பு அமைச்சராக இருந்தவர் சஜித் பிரேமதாச. ஊர் ஊராக அத்திவாரக்கல் வைத்தார்கள், காசு கட்டம் கட்டமாக என்றார்கள். 2019 நவம்பரில் ஆட்சி மாறியது. பிறகு கொரோனா, 2022இல் நாடே வங்குரோத்து, சீமெந்தில் கைவைக்க முடியாத விலை. 2020இல் எதிர்க்கட்சித் தலைவரான அவர் பாதியில் நிற்கும் வீடுகளைப் பற்றிக் கேட்டால், காசில்லாமல் கல் வைத்தது யார் என்று திருப்பிக் கேட்க எந்த அரசாங்கத்துக்கும் வசதியாகப் போய்விடுகிறது. இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம். மழையில் நனைவது உங்கள் சுவர்.

போன மாதம் தென்மராட்சியில் அப்படி ஒரு வளவுக்குப் போனேன். கல் பாசி பிடித்துக் கறுத்திருந்தது. அறையாக வரவேண்டிய இடத்தில் ஆளுயரத்துக்கு எருக்கலை. பக்கத்தில் தகரக் கொட்டிலில் குடும்பம். பிள்ளையின் புத்தகப்பை, சுவரிலிருந்து நீட்டிய துருக்கம்பியில் தொங்கியது. ஆறு வருசமாக அந்த வீட்டுக்கு உதவியது அந்தக் கம்பி ஒன்றுதான்.

முதலில் நீங்கள் கையொப்பம் வைத்த உடன்படிக்கையைத் தேடி எடுங்கள். தந்தது கடனா மானியமா என்பது அதில் இருக்கும். பலருக்கு இன்றுவரை அது தெரியாது, கடன் என்றால் கதையே வேறு. கோப்பு இலக்கம், வாங்கிய தொகை, திகதி, சுவரின் படம் எல்லாவற்றையும் ஒரு தாளில் ஒட்டி எம்.பி.யிடம் கொடுங்கள். "வீடுகள் பாதியில் நிற்கின்றனவே" என்று கேட்டால் "நிதி கிடைத்ததும்" என்றுதான் வரும். இந்தப் பிரதேச செயலகப் பிரிவில் உடன்படிக்கை எழுதியவர் எத்தனை பேர், கடைசிக் கட்டக் காசு பெற்றவர் எத்தனை பேர், மிச்சப்பேருக்கு இந்த வருடப் பாதீட்டில் எந்தத் தலைப்பில் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறது என்று கேட்டால் அமைச்சர் எண் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அவகாசம் கேட்க வேண்டும். இரண்டும் பாராளுமன்றப் பேச்சுப் பதிவான ஹன்சாட்டில் பதிவாகும்.

எதிர்க்கட்சி கேட்டு எப்போதாவது ஏதாவது மாறியிருக்கிறதா? சும்மா கத்துகிறார்கள் என்று எங்கள் வீட்டில் சொல்கிறார்கள். (கரவெட்டி, ஆசிரியை)

மாறியிருக்கிறது ரீச்சர். இரும்பு வீட்டுக் கதையை மறந்துவிட்டீர்களா?

வடக்குக் கிழக்குக்கு 65,000 பொருத்து வீடுகள், ஒரு பன்னாட்டு உருக்கு நிறுவனம் மூலம், வீடொன்று ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா என்று 2015, 2016இல் அரசாங்கம் புறப்பட்டது. மாதிரி வீடுகளைக் கட்டியும் காட்டினார்கள். அப்போது உத்தியோகபூர்வ எதிர்க்கட்சி தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு, எதிர்க்கட்சித் தலைவர் சம்பந்தன். (1977க்குப் பிறகு அமிர்தலிங்கம் இருந்த கதிரை அது. அதில் இருந்தபடி அரசாங்கத்துக்கு அளவுக்கு மீறி விட்டுக்கொடுத்தார் என்று சம்பந்தன்மேல் எனக்கும் குறை உண்டு.) ஆனால் இந்த விடயத்தில் கூட்டமைப்பு எம்.பி. சுமந்திரனும் மற்றவர்களும் சபையில் பிடித்த பிடியை விடவில்லை.

அந்தப் பிடிக்குப் பலம் கணக்கிலிருந்து வந்தது. அதற்குச் சற்று முன்தான் இந்திய வீட்டுத்திட்டத்தில் வீடொன்றுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கொடுத்து, சனமே மேசன் பிடித்துக் கல்வீடு கட்டியிருந்தது. அந்தக் காசு போதாமல் நகை அடகு வைத்தவர்கள் இருக்கிறார்கள், அதையும் மறைக்கக்கூடாது. இருந்தாலும் அப்படியான வீடு மூன்றுக்கு மேல் கட்டக்கூடிய காசை ஒரு தகரப் பெட்டிக்கு ஏன் கொடுக்க வேண்டும்? பொறியியலாளர்களும் பொருளியல் தெரிந்தவர்களும் விலையையும் வெக்கையையும் அத்திவாரத்தையும் எடுத்துப் பேசினார்கள். எங்கள் சனம் இன்னொன்றும் கேட்டது: மகளுக்குக் கலியாணம் பேசினால் பக்கத்தில் ஓர் அறை இறக்க வேண்டும், இந்தச் சுவரில் எங்கே இறக்குவது? கூலியும் சீமெந்துக் கல் அரிகிற காசும் ஊருக்குள் சுற்றும் என்ற நியாயமும் கல்வீட்டின் பக்கம் இருந்தது.

65,000 என்ற அந்தத் திட்டம் அந்த உருவில் நிறைவேறவில்லை. அதை நிறுத்தியது வெறும் கத்தல் அல்ல. 21 இலட்சத்தையும் ஐந்தரை இலட்சத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியதில் நின்றது.

எங்கள் ஒழுங்கை வெள்ளத்தை எம்.பி. பாராளுமன்றத்தில் கேட்கவேண்டாமா? (ஆனைக்கோட்டை)

வேண்டாம் தம்பி. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சி, டி தரம் மாகாணத்துக்கு. ஒழுங்கை உங்கள் பிரதேச சபைக்கு. வட்டார உறுப்பினரைப் பிடியுங்கள். மதகை அடைத்து மதில் கட்டியவர் யார் என்று அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும், அதனால்தான் வாய் திறக்கமாட்டார்.

எதிர்க்கட்சித் தலைவர் கேட்டால் மணிக்கணக்காகப் போகிறது, எங்கள் எம்.பி. கேட்டால் "இரண்டு வாரம் அவகாசம்" என்கிறார்கள். ஏன்? (நெல்லியடி)

பாராளுமன்ற நடைமுறை விதிகளில் நிலையியற் கட்டளை 27(2) என்று அடிக்கடி காதில் விழுமே, அது கட்சித் தலைவர்கள் அவசர பொது விடயங்களை எழுப்பும் வழி. நீண்ட பீடிகையோடு கேட்கலாம். சாதாரண உறுப்பினரின் வாய்மூலக் கேள்வி வரிசையில் நிற்கவேண்டும். சிலவேளை அந்த வரிசைதான் நல்லது. எழுதிக் கொடுத்த கேள்வி என்பதால் அமைச்சிலிருந்து அது கீழே இறங்கும், கந்தோரில் ஒருவர் கோப்பைத் திறந்தே ஆகவேண்டும்.

நான் வேலை செய்த ஒரு கந்தோருக்கு அப்படியான கேள்வி பின்னேரம் மூன்று மணிக்குத் தொலைநகலில் (ஃபாக்ஸ்) வரும், சிங்களத்தில். நாலரைக்குள் பதில். மொழிபெயர்க்க ஆளில்லாமல் ஒருமுறை "தகவல் திரட்டப்படுகிறது" என்று எழுதி அனுப்பினோம். அதையே அமைச்சர் சபையில் வாசித்தார். கேட்ட உறுப்பினர் அதன் பிறகு அதைத் தொடவில்லை, நாங்களும் ஒன்றையும் திரட்டவில்லை. இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மாகாண சபைத் தேர்தல் ஏன் நடக்கவில்லை என்று எதிர்க்கட்சிகள் கேட்கின்றன. நியாயம்தானே? (கோண்டாவில்)

கேள்வி நியாயம். கேட்கிறவர்கள் எல்லோரும் நியாயவான்கள் இல்லை. உள்ளூராட்சியும் மாகாண வீடமைப்பும் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தில் மாகாணத்துக்குரிய விடயங்கள். வட மாகாண சபைக்கு 2013 செப்டெம்பரில் ஒரே ஒரு தேர்தல் நடந்தது, 2018 ஒக்டோபரில் காலம் முடிந்தது, பிறகு ஆளுநர் ஆட்சிதான். மாகாணத் தேர்தலுக்குத் தேவையான தொகுதி எல்லை மீள்நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்ட்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை. கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்தார். அன்று அதற்கு எதிராகக் கை உயர்த்திய பலர் இன்று "எங்கே தேர்தல்" என்று கேட்கிறார்கள்.

உள்ளூராட்சிக்கும் இதே கதி நேர்ந்தது. 2023 மார்ச் 9இல் நடக்கவேண்டிய தேர்தல் காசில்லை என்று நின்றது. அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்ட் 22இல் தீர்த்தது. வாக்களிப்பு 2025 மே 6இல்தான். இடைப்பட்ட இரண்டு வருடம் செயலாளர்களும் ஆணையாளர்களும் சபைகளை நடத்தினார்கள். குப்பை அள்ளப்பட்டது, ஏன் என்று கேட்கத்தான் ஆளில்லை.

உள்ளூராட்சிச் சபையில் எதிரணி பாதீட்டைத் தோற்கடித்தால் என்ன நடக்கும்? (யாழ் நகர்)

2020 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். யாழ் மாநகர சபையில் முதல்வர் ஆர்னோல்ட்டின் பாதீடு இரண்டு முறை தோற்றது, பதவி போயிற்று. மாதம் முடியுமுன் மணிவண்ணன் ஒரு வாக்கு வித்தியாசத்தில் முதல்வரானார். எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு என்ற கதை அந்த அமளியில் யாருக்கும் ஞாபகமில்லை.

காணி உறுதி இல்லாதவருக்கு வீட்டுத்திட்டம் இல்லை என்கிறார்கள். 1990இல் இடம்பெயர்ந்தபோது உறுதி தொலைந்துவிட்டது. (மாவிட்டபுரம்)

காணிப் பதிவகத்தில் பதிந்த உறுதி என்றால் அங்கே பிரதி எடுக்கலாம். நொத்தாரிசின் பெயரும் ஏறக்குறைய ஆண்டும் தெரிந்தால் வேலை சுலபம். இந்தப் பயத்தை எதிர்க்கட்சிகள் சரியாகத் தொட்ட ஒரு தருணம் உண்டு. 2025 மார்ச் 28இல் வடக்கில் 5,940 ஏக்கருக்கு, உரிமை கோருகிறவர்கள் மூன்று மாதத்துக்குள் வரவேண்டும், வராவிட்டால் அரச காணியாகும் என்று வர்த்தமானி வந்தது. முகாமில் உறுதியைத் தொலைத்தவனும் கனடாவில் இருப்பவனும் மூன்று மாதத்தில் எங்கே ஓடுவான்? சபையிலும் நீதிமன்றத்திலும் எதிர்த்த பிறகு அரசாங்கம் அதைத் திருப்பி எடுத்தது. அதுவரை நீங்கள் சும்மா இருந்திருந்தால் இப்போதாவது பதிவகத்துக்குப் போங்கள். விதானையாரிடம் (கிராம அலுவலர்) வதிவுக் கடிதமும் வாங்கி வையுங்கள்.

பிரதேச சபை எங்களுக்குத் தகவல் தருமா? யாரைக் கேட்பது? (சுன்னாகம்)

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிரதேச சபைக்கும் பொருந்தும். தகவல் அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள், காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். "மிஸ் நாளைக்கு வருவா, பிறகு தாறம்" என்றால் அங்கேயே கதிரையில் இருங்கள்.