புண்ணாக்கு போட்டால் பூச்சி போகுமா? வாசகர் கேள்விகள்

தக்காளி வெயிலில் வாடுகிறது. பிடுங்கினால் வேரெல்லாம் முடிச்சு. வேப்பம் புண்ணாக்கு போட்டால் பிழைக்குமா? (ஒட்டன்சத்திரம்)

இது வேர்முடிச்சு நூற்புழு, மண்ணில் வாழும், கண்ணுக்குத் தெரியாத நுண்புழு. வேருக்குள் குடியேறிவிட்டால் புண்ணாக்கு போட்டுப் பெரிய பலன் இருக்காது. புண்ணாக்கு அடுத்த நடவுக்கான வேலை. ஏக்கருக்கு 100 கிலோவைக் கடைசி உழவில் போட்டு, ஈரம் காயாமல் இரண்டு மூன்று வாரம் விட்டு நடுங்கள். மட்கும்போது வெளிவரும் கசப்புப் பொருட்களும் அம்மோனியாவும்தான் புழுவை அடக்குகின்றன. காய்ந்த மண்ணில் போட்டால் அப்படியே கிடக்கும். நட்ட கையோடு தூரில் குவித்தால் இளவேர் கருகும். அதே வயலில் உடனே கத்தரி, வெண்டை போடாதீர்கள், அவையும் இதற்குத் தீனிதான். ஒரு போகம் செண்டுமல்லி போடலாம், பூவும் காசாகும்.

தட்டைப்பயறு வேரிலும் முடிச்சு இருக்கிறதே? (மேலூர்)

நகத்தால் தள்ளிப் பாருங்கள். சுலபமாக உதிர்ந்து, நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது தழைச்சத்து சேர்க்கும் முடிச்சு, விட்டுவிடுங்கள். நூற்புழு முடிச்சு என்றால் வேரே வீங்கியிருக்கும், பிய்த்தால் வேரும் சேர்ந்து அறும்.

தென்னையின் அடிமரத்தில் செம்பழுப்பு நீர் வடிகிறது. (பட்டுக்கோட்டை)

உங்கள் பகுதியின் பெயரிலேயே அறியப்படும் தஞ்சாவூர் வாடல் நோயாக இருக்கலாம். இது பூச்சியல்ல, கானோடெர்மா பூசணம். மரத்துக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் புண்ணாக்கு, 50 கிலோ தொழுவுரத்தில் 50 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூசணத்தை அடக்கும் நன்மைப் பூசணம்) கலந்து வட்டப்பாத்தியில் இடுங்கள். போர்டோ கலவை (மயில்துத்தம், சுண்ணாம்பு கலந்த பூசணக்கொல்லி) ஊற்றினால் அதே சமயம் டிரைக்கோடெர்மா வேண்டாம். கலவையில் உள்ள தாமிரம் அதையும் கொன்றுவிடும். ஊடே வாழை வைத்தால் மண் குளிர்ச்சியாக இருக்கும், நோய்க்கு அது பிடிக்காது. நோய் முற்றிய மரத்தை வேரோடு அகற்றுவதே நல்லது.

எருக்குழியில் கொழுத்த வெள்ளைப் புழுக்கள். எருவைப் போடலாமா? (பொள்ளாச்சி)

தென்னந்தோப்பு பக்கத்தில் இருந்தால் பெரும்பாலும் தென்னையைக் குடையும் காண்டாமிருக வண்டின் புழு. எருவைக் கிளறிப் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். குழியில் மெட்டாரைசியம் பூசணம் கலந்தால், செத்த புழுமேல் பச்சைப் பொடி பூத்திருப்பதைப் பார்க்கலாம். அரைகுறையாக மட்கிய எருவை வயலுக்குக் கொண்டுபோவது கரையானுக்கும் விருந்து வைப்பதுதான்.

அடுப்புச் சாம்பலைச் செடிக்குப் போடலாமா? (மாடித்தோட்டம், சென்னை)

சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக்கு இலைமேல் லேசாகத் தூவலாம். தொட்டி மண்ணில் அடிக்கடி கொட்டாதீர்கள், காரத்தன்மை ஏறிவிடும். பச்சைச் சாணத்தோடும் கலக்க வேண்டாம், தழைச்சத்து ஆவியாகிப் போகும்.