களிமண் சிற்பம்: கேட்டவர்களுக்குப் பதில்

ஈசூனிலிருந்து ஒருவர்: அக்கா, விரல் விரித்த கை ஒன்று செய்தேன். சூளையில் வெடித்துவிட்டது. உள்ளே காற்று அடைத்ததாலா?

காற்றைத்தான் எல்லாரும் குறை சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் ஈரம். மணிக்கட்டு மாதிரி தடித்த இடத்தில் தண்ணீர் தங்கிவிடும். சூடு 100 டிகிரியைத் தாண்டும்போது அது ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் மண்ணைப் பிளந்துவிடும். நம்ம சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் வெளியே காய்ந்தாலும் உள்ளே காய்ந்திருக்காது. கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்றிருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. மணிக்கட்டை அடியிலிருந்து குடைந்துவிடுங்கள். விரல்கள் முந்திக் காயும், அவற்றை மட்டும் பிளாஸ்டிக்கால் சுற்றி வையுங்கள்.

தெம்பனிஸ் தம்பி: உதிர்ந்த இலையை அப்படியே சிற்பமாக்க முடியுமா?

முடியும். காய்ந்த இலையைக் கரைத்த மண்ணில் தோய்த்து, உலர்த்தி, மறுபடியும் தோய்க்க வேண்டும். மண்ணில் கொஞ்சம் காகிதக் கூழ் கலந்தால் விரிசல் குறையும். சூளையில் இலை எரிந்துபோகும், மண் ஓடு மட்டும் நிற்கும். முட்டை ஓடு மாதிரிதான், பார்த்துத் தூக்குங்கள். ஓரம் உடைந்தால் வருத்தப்படாதீர்கள். அதன் வழியே பார்த்தால் உள்பக்கம் இலை நரம்பு பதிந்திருப்பது தெரியும். இல்லாத இலைதான் அங்கே சிற்பம்.

ஜூரோங் வாசகி: இங்கே விறகுச் சூளை இருக்கிறதா?

உங்கள் பக்கத்திலேயே! ஜாலான் பஹார் அருகே தௌ குவாங் டிராகன் சூளை, சரிவில் நீளமாக ஏறும் விறகுச் சூளை, 1940இல் கட்டியது. அதில் சுட்ட கலத்தில், தீயைப் பார்த்த பக்கத்தில் விறகுச் சாம்பல் படிந்து உருகிப் பளபளக்கும், மறுபக்கம் வேறு நிறத்தில் வரும்.

யாருடைய வேலைகளைப் பார்க்கலாம்?

சிங்கப்பூர் மட்பாண்டக் கலைஞர் இஸ்கந்தர் ஜலில். 1988இல் சிங்கப்பூரின் உயரிய கலை விருதான கலாசாரப் பதக்கம் பெற்றவர். மரக்குச்சியையே கைப்பிடியாக வைத்த அவருடைய கலங்களை நிதானமாகப் பாருங்கள்.

உட்லண்ட்ஸ் அண்ணன்: உடலின் நிலையாமையைக் காட்ட, சுடாமலே விடலாமா?

தாராளமாக, அண்ணே. அதைத்தான் நான் விரும்புவேன். சுட்ட மண் எளிதில் அழியாது. ஆதிச்சநல்லூர் முதுமக்கள் தாழிகள் உள்ளே வைத்த உடல்களைத் தாண்டி இன்றும் நிற்கின்றன. 600 டிகிரி வாக்கில் மண்ணோடு பிணைந்த நீர் போய்விட்டால் அது திரும்பக் குழையாது. சுடாத பிள்ளையாரோ ஆற்றில் கரைந்துவிடுகிறார்.

வீவக அடுக்குமாடி வீட்டிலேயே செய்யலாம். உருவத்தை நன்றாகக் காயவிட்டு, தட்டில் நிறுத்தி, அடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள். முதலில் பாதம் இளகும், பிறகு முழங்கால் மடியும், கடைசியில் மொத்த உடலும் சாயும். ஈரம் காயாத மண்ணில் இது நடக்காது, மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும். கரைந்ததை வடிகட்டி உலர்த்தினால் அடுத்த உருவத்துக்கு ஆகும். கழுவுதொட்டியில் மட்டும் கொட்டிவிடாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும்.