முதல் சர்ஃப் போர்டு எத்தனை அடியில் வாங்கலாம்? கேள்வி பதில்

சென்னையை அடுத்த கோவளம் கடற்கரையில் பல வருடங்களாகப் புதியவர்களுக்குச் சர்ஃபிங் சொல்லித் தருகிறேன். போர்டின் அளவு பற்றி வந்த கேள்விகளை எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, என் எடை 72 கிலோ, உயரம் 5 அடி 9 அங்குலம். மூன்று வகுப்பு முடித்திருக்கிறேன். நண்பர் ஒருவர் தன்னுடைய 6 அடி 2 அங்குல ஃபைபர் போர்டைப் பாதி விலைக்குத் தருகிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. சும்மா கொடுத்தாலும் இப்போது வேண்டாம்.

அந்த நீளத்தில் வரும் ஷார்ட்போர்டின் கன அளவு, அதாவது எவ்வளவு எடையை மிதக்கவைக்கும் என்பதைக் காட்டும் லிட்டர் கணக்கு, பெரும்பாலும் 30 லிட்டரை ஒட்டித்தான் இருக்கும். நீங்கள் அதன்மேல் படுத்தால் போர்டு தண்ணீருக்குள் அமிழ்ந்துவிடும். கை ஓயத் துழாவினாலும் வேகம் வராது. அலையைப் பிடிக்க வேண்டுமானால், அது நம்மிடம் வந்து சேரும்போது நாமும் கரையைப் பார்த்து நகர்ந்துகொண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அலை நமக்கு அடியில் புகுந்து போய்விடும், அல்லது தலைக்கு மேல் உடைந்துவிடும். நீளமும் தடிமனும் உள்ள போர்டு நீர்மட்டத்தில் நின்று வழுக்கிக்கொண்டு போவதால் நாலைந்து துழாவலிலேயே அந்த வேகம் கிடைத்துவிடும்.

நம் கடலையும் பார்க்க வேண்டும். சென்னைப் பக்கம் பெரும்பாலான நாட்களில் வருவது சிறிய அலைகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி குறைவு, தள்ளும் பலமும் குறைவு. பாலியிலும் ஹவாயிலும் எடுத்த வீடியோக்களில் 6 அடிப் போர்டு பறக்கிறது என்றால் அதற்கு அங்குள்ள அலையின் பலமும் ஒரு காரணம். இங்கே அந்தக் குறையைப் போர்டின் அளவுதான் ஈடுகட்ட வேண்டும்.

என் முதல் போர்டு 6 அடி 4 அங்குலம். ஒரு பருவம் முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன். எழுந்து நின்ற அலைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அப்புறம் மேற்பரப்பு மெத்தென்று இருக்கும் 8 அடி ஃபோம் போர்டை வாடகைக்கு எடுத்தேன். முதல் நாள் காலையிலேயே அந்தப் பருவம் முழுவதும் நின்றதைவிட அதிகமாக நின்றேன். அந்த மாதங்கள் உங்களுக்கும் வீணாகக் கூடாது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். உங்களுக்கு 8 அடி சாஃப்ட் டாப் (ஃபோம் போர்டுதான்), 75 முதல் 85 லிட்டர். இதுதான் சரி.

கேள்வி: உயரத்தோடு இரண்டு அடியைக் கூட்டிக்கொண்டால் போதும் என்று கடையில் சொன்னார்கள். இந்த லிட்டர் கணக்கு எதற்கு?

பதில்: நடுத்தர உடல்வாகு உள்ளவர்களுக்கு அவர்கள் சொன்ன கணக்கு ஓரளவு பொருந்தும். ஆனால் ஒரே உயரத்தில் 55 கிலோ ஆளும் இருப்பார், 90 கிலோ ஆளும் இருப்பார். போர்டு சுமப்பது எடையைத்தான். தொடக்கத்தில் கிலோவுக்கு ஒரு லிட்டருக்குக் குறையக் கூடாது. கூடுதலாக இருந்தால் இன்னும் நல்லது.

போர்டில் 8'0" × 22½" × 3¼" என்று எழுதியிருப்பார்கள். நீளம் அடியில், அகலமும் தடிமனும் அங்குலத்தில். பலரும் நீளத்தை மட்டும் பார்க்கிறார்கள். எழுந்து நிற்கும்போது பக்கவாட்டில் ஆடாமல் தாங்குவது அகலம். 22 அங்குலத்துக்குக் கீழே போகாதீர்கள்.

கேள்வி: நான் 5 அடி 1 அங்குலம், 50 கிலோ. 8 அடிப் போர்டு எனக்குக் கை அக்குளில்கூட அடங்கவில்லை. எனக்கும் அதேதானா?

பதில்: இல்லை, நீங்கள் 7 அடி அல்லது 7 அடி 6 அங்குல ஃபோம் போர்டு எடுக்கலாம். 55 லிட்டரைத் தாண்டினால் உங்களுக்குத் தாராளம். அளவு மீறிப் பெரிதானால் திருப்பவும் முடியாது, உடைந்த அலை நுரையாக வரும்போது பிடித்து நிறுத்தவும் முடியாது. கையில் அடங்காத போர்டைத் தலையில் வைத்துத் தூக்கிப் போங்கள். காற்று பலமாக அடிக்கும் நாளில் மட்டும் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வயது 44, எடை 96 கிலோ. இனிமேல் கற்றுக்கொள்ள முடியுமா சார்?

பதில்: தாராளமாக முடியும். 9 அடி, 23 அங்குல அகலம், 100 லிட்டரை ஒட்டிய போர்டு தேடுங்கள். 8 அடியில் ஆரம்பித்துவிட்டு உடம்பு ஒத்துழைக்கவில்லை என்று விட்டுப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒத்துழைக்காதது போர்டுதான்.

கேள்வி: என் பையனுக்குப் பத்து வயது, 28 கிலோ. வளர்ந்துவிடுவான் என்று பெரிதாகவே வாங்கிவிடலாமா?

பதில்: சட்டை வாங்குவதுபோல் இதை வாங்க முடியாது. 6 அடி ஃபோம் போர்டு போதும். போர்டின் அடியில் துடுப்புபோல் நீட்டிக்கொண்டிருக்கும் ஃபின் ரப்பர்போல் வளையக்கூடியதாக இருக்கட்டும்.

கேள்வி: நான் மீனவர் வீட்டுப் பையன். சின்ன வயதிலிருந்தே கட்டுமரத்தில் நின்று பழக்கம். நானும் ஃபோம் போர்டில்தான் ஆரம்பிக்க வேண்டுமா அண்ணா?

பதில்: ஆரம்பிப்பது அதில்தான், ஆனால் சீக்கிரம் தாண்டிவிடுவாய். மற்றவர்களுக்குப் பல மாதம் எடுக்கும் விஷயம், அலை எங்கே உடையும், எப்போது உள்ளே போக வேண்டும் என்பதெல்லாம் உனக்குக் கண்ணிலேயே இருக்கிறது. இந்தக் கடற்கரையின் நல்ல சர்ஃபர்களில் நிறையப் பேர் மீனவர் குடும்பத்துப் பிள்ளைகள்தான். படுத்துத் துழாவுவதும் ஒரே மூச்சில் எழுவதும் மட்டும் உனக்குப் புதிது. அது கைவந்ததும் 7 அடிக்கு இறங்கு.

கேள்வி: ஜூலையில் இலங்கை அறுகம்பே போகிறோம். போர்டு வாங்கிக் கொண்டுபோகலாமா?

பதில்: அங்கேயே வாடகைக்கு எடுங்கள். கொழும்பில் இறங்கித் தீவைக் குறுக்கே கடந்து கிழக்குக் கரைக்குப் போக வேண்டும், 8 அடிப் போர்டோடு அது பெரிய அவஸ்தை. ஜூலை அங்கே நல்ல பருவம். மெயின் பாயிண்டில் அடியில் பாறை, கூட்டமும் அதிகம், அங்கே இறங்காதீர்கள். புதியவர்களுக்குப் பேபி பாயிண்ட் இருக்கிறது. இரண்டு மூன்று அளவுகளை மாற்றி மாற்றி எடுத்துப் பாருங்கள். எது ஒத்துவருகிறது என்று தெரிந்த பிறகு இங்கே வந்து வாங்கலாம்.

கேள்வி: போர்டைக் காலோடு கட்டும் லீஷ் கயிறு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்?

பதில்: போர்டின் நீளம். 8 அடிக்கு 8 அடி. குட்டையாக இருந்தால் விழும்போது போர்டு திரும்பி வந்து முகத்தில் அடிக்கும்.

கேள்வி: எப்போது சின்னப் போர்டுக்கு மாறலாம்?

பதில்: உடைந்து வரும் நுரையில் நின்றால் போதாது. உடையாத பச்சை அலையை யாரும் தள்ளிவிடாமல் நீங்களே பிடிக்க வேண்டும், இடப்பக்கமும் வலப்பக்கமும் அலையின் முகத்தோடு திரும்ப வேண்டும். பத்து அலைக்கு முயன்றால் ஏழெட்டு அலையாவது கிடைக்க வேண்டும். அப்போதும் ஒரேயடியாக 6 அடிக்குத் தாவாதீர்கள், அரை அடி அரை அடியாகக் குறையுங்கள். பழைய ஃபோம் போர்டை விற்றுவிடவும் வேண்டாம். கடல் தளர்ந்து கிடக்கும் நாட்களில் நானே இன்றும் அதைத்தான் எடுத்துக்கொண்டு இறங்குகிறேன்.