"ஆண் பார்வை" கட்டுரை கதைச்சுருக்கம் ஆகிவிடுகிறது: பதில்

ஒரு படத்தைப் பற்றிய கட்டுரையில் பக்கத்துக்குப் பக்கம் "ஆண் பார்வை" (படம் பெண்ணை ஆணின் கண்ணால், பார்த்து ரசிக்கும் பொருளாகக் காட்டுவது) என்று எழுதியும் ஆய்வு வழிகாட்டி அதைக் கதைச்சுருக்கம் என்கிறாரே என்று கேட்டிருந்தீர்கள். முழுப் படத்தையும் எடுத்துக்கொண்டதுதான் சிக்கல். மூன்று நிமிடக் காட்சி ஒன்று போதும்.

ஒலியை அணைத்துவிட்டு ஷாட் வாரியாக அட்டவணை போடுங்கள்: எத்தனை நொடி, குளோசப்பா லாங் ஷாட்டா, கேமராவின் உயரம், முந்தைய ஷாட்டில் யார் பார்க்கிறார். அட்டவணையின் இந்தக் கடைசிக் கட்டம்தான் உயிர். திரைப்படக் கோட்பாட்டாளர் லாரா மல்வி 1975இல் பிரித்துக் காட்டிய மூன்று பார்வைகளும், அதாவது கேமரா, பார்வையாளர், பாத்திரம், எங்கே ஒன்றாகச் சேர்கின்றன என்பது அங்கேதான் பிடிபடும். நாயகியின் இடுப்புக்கு குளோசப் வைத்துவிட்டதால் மட்டும் வாதம் நிற்காது. அவள் திரும்பிப் பார்க்கும் ஷாட் உண்டா? அவள் முகம் எத்தனை நொடி கழித்து வருகிறது? நாயகன் உடலைக் காட்டும் காட்சிக்கும் இதே அட்டவணை போடுங்கள். அங்கே பெரும்பாலும் உடல் ஏதாவது செய்துகொண்டிருக்கும், கதையும் நகரும். பிறகு படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேளுங்கள்: அவளை வர்ணிப்பது யார் குரல்?

பெக்டெல் சோதனையை இதில் கலக்காதீர்கள். பெயருள்ள இரு பெண்கள் தங்களுக்குள் ஆணைத் தவிர வேறெதையாவது பேசுகிறார்களா என்பதோடு அது நின்றுவிடும்; கேமரா அதன் கணக்கிலேயே இல்லை.