மஞ்சள் வேரா, தண்டா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஈரோடு பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். தழைவழி இனப்பெருக்கத்தை (விதையில்லாமல் தண்டு, வேர் போன்றவற்றிலிருந்து புதுச் செடி வருவதை) ஸ்மார்ட் போர்டில் வீடியோ போட்டு நடத்தினேன். பிள்ளைகள் ஆசையாகப் பார்த்தார்கள். தேர்வில் பாதிப் பேர் மஞ்சளை வேர் என்று எழுதியிருக்கிறார்கள். எல்லாம் தோட்டங்காட்டுப் பிள்ளைகள்! பத்தாம் வகுப்பு, போர்ஷனை முடித்தாக வேண்டும். செய்முறை, களப்பயணம் என்று போக நேரமில்லை. என்னதான் செய்வது?

— ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

களப்பயணம் எதற்கு? உங்கள் பிள்ளைகள் வயலிலிருந்துதான் பள்ளிக்கு வருகிறார்கள். பாடம் தொடங்கும் முன் இதைக் கேளுங்கள்: "மஞ்சளுக்கு எதை நடுவீங்க? குச்சிக்கிழங்குக்கு எதை நடுவீங்க?" மஞ்சளுக்குக் கிழங்கையே, குச்சிக்கிழங்குக்கு (மரவள்ளிக்கு) குச்சியை என்று வகுப்பே சொல்லும். குச்சிக்கிழங்கையே நட்டால் என்ன என்று கேளுங்கள். "அழுகிப் போயிருமுங்க டீச்சர்" என்று ஒரு குரல் வரும். ஏன் அழுகுகிறது என்பதுதான் பாடம். வரையறை அதற்குப் பிறகு வரட்டும்.

இரண்டையும் கையில் கொடுங்கள். விரலி மஞ்சளில் வளையம் வளையமாக ஓடுவது கணு. அதில் காய்ந்து ஒட்டியிருப்பது செதில் இலை. நுனியிலும் பக்கத்திலும் மொட்டு. குச்சிக்கிழங்கை எப்படித் திருப்பினாலும் கணு கிடைக்காது, முளைக்க மொட்டும் இல்லை, அதனால்தான் அழுகுகிறது. கணு உள்ள முன்னது தண்டு, கணு இல்லாத பின்னது வேர். யாராவது சர்க்கரைவள்ளியை இழுத்து வருவார்கள்: அது வேர்தானே, எப்படி முளைக்கிறது? தயவுசெய்து அந்தக் கேள்வியை அமுக்கிவிடாதீர்கள். சர்க்கரைவள்ளியில் கணு கிடையாது. ஆனாலும் அந்த வேரால் புதிதாக மொட்டு விட முடியும். ஆக, முளைப்பதை வைத்துத் தண்டென்று சொல்ல முடியாது, கணுவைத்தான் பார்க்க வேண்டும். இப்படி ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் அந்த வகுப்பு ஜெயித்துவிட்டது என்றே சொல்வேன்.

அடுத்து வரும் விதைவழி இனப்பெருக்கப் பாடத்துக்கும் இதே வழிதான். கரும்புக் கரணையில் (நடும் துண்டில்) பரு, அதாவது மொட்டு, இருக்கிறதா என்று பார்த்துத்தானே நடுகிறோம்? அப்படி நட்டால் தாய்க் கரும்பே திரும்ப வரும். புது ரகம் வேண்டுமென்றால் கரும்பு பூத்து விதை பிடிக்க வேண்டும். கோவையில் அது நன்றாகப் பூக்கும். 1912-இல் கரும்பு இனப்பெருக்க நிலையத்தை அங்கே தொடங்க அது ஒரு காரணம். தடித்த கரும்பையும் காட்டுக் கரும்பையும் கலந்து கோ 205 ரகத்தை எடுத்தது அந்த நிலையம்தான். 'கோ' நம் கோயமுத்தூர் என்றால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

வீடியோவை ஒதுக்கச் சொல்லவில்லை. மகரந்தக் குழாய் சூலகத்துக்குள் இறங்குவதைக் காட்ட அதைவிட்டால் வழியில்லை. மஞ்சள் விளையும் ஊரில் மஞ்சளைத் திரையில் காட்டுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நேரம்? இதற்கு ஒரு பீரியடு போதும். ஜூனில் பள்ளி திறக்கும்போது மஞ்சள் நடவுக் காலம். விதை மஞ்சள் கொண்டுவரச் சொல்லுங்கள். கடை மஞ்சள் வேண்டாம், அது வேகவைத்துக் காயவைத்தது, முளைக்காது. வேகவைத்தால் ஏன் முளைக்காது என்று அவர்களையே கேளுங்கள்.