போர்மட் பண்ணச் சொன்னால் ஒருக்கா பொறுங்கள்

இம்முறை வந்த கடிதங்களில் மூன்று, வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமித்து வைக்கும் சின்னப் பெட்டிகளைப் பற்றியவை. முதல் கடிதத்துக்கு நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன். போன் பழுது, பிரின்டர் பழுது பற்றிக் கேட்டவர்கள் கோபிக்கவேண்டாம், அடுத்த இதழில் வரும்.

கேள்வி: தம்பி, நான் ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை. ரொறன்ரோவில் இருக்கும் மகன் நாலு வருடத்துக்கு முன் இந்தப் பெட்டியைக் கொண்டுவந்து தந்தான். உள்ளே 2 டெராபைட் டிஸ்க் ஒன்று. பெறாமகன் அதில் டெபியன் லினக்ஸ் போட்டுத் தந்தான். அம்மா பாடிய தேவாரங்கள் 11 கசெட்டில் இருந்தன. எல்லாவற்றையும் அதற்குள்தான் ஏற்றி வைத்திருக்கிறோம். போன மாதம் பெறாமகன் மெல்பேணில் இருந்தபடியே அப்டேட் போட்டுவிட்டு, "சித்தி, ஒருக்கா நிப்பாட்டிப் போடுங்கோ" என்றான். போட்டேன். அன்றிலிருந்து லைட் மட்டும் மினுங்குகிறது. டிவியிலும் தெரியவில்லை, போனிலும் தெரியவில்லை. டவுனில் ஒரு கடையில் காட்டினேன். டிஸ்க் போய்விட்டது, போர்மட் பண்ணவேண்டும் என்கிறார்கள். செய்யட்டுமா?
— ஒரு ரீச்சர், மானிப்பாய்

பதில்: வேண்டாம் ரீச்சர். டிஸ்க்கை இன்றைக்கே திருப்பி வாங்கிவிடுங்கள். அம்மாவின் குரல் அதற்குள் பத்திரமாக இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

கடையில் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. டிஸ்க்கைக் கழற்றி விண்டோஸ் கணினியில் கொழுவியிருப்பார்கள். லினக்ஸ் டிஸ்க்குகள் பெரும்பாலும் எக்ஸ்ட்4 என்ற முறையில் அமைக்கப்பட்டவை. விண்டோஸுக்கு அதைத் தானாக வாசிக்கத் தெரியாது. தெரியாத டிஸ்க்கைக் கண்டவுடன், "இதைப் பயன்படுத்த முதலில் போர்மட் செய்யவேண்டும், செய்யவா?" என்று ஒரு பெட்டி திரையில் வரும். அதைப் பார்த்தவர் டிஸ்க் பழுது என்று முடிவுகட்டியிருப்பார். அந்தக் கேள்விக்கு "ஆம்" என்று அமத்தியதால் போன கல்யாணப் படங்களை, செத்த வீட்டு வீடியோக்களை நான் கண்டிருக்கிறேன். என் மேசையில் வைத்து அழுதவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்தி எழுதுகிறேன்.

உங்கள் பெட்டி விழிக்கும் ஒழுங்கைச் சொல்கிறேன், பிழை எங்கே என்பது அதிலேயே தெரியும். கரண்ட் கொடுத்தவுடன் முதலில் எழும்புவது சிப்புக்குள் நிரந்தரமாகப் பதிந்திருக்கும் ஒரு சின்ன நிரல். அது போர்டில் உள்ள, கரண்ட் போனாலும் அழியாத நான்ட் நினைவகத்தில் இருந்து யூ-பூட் என்ற பூட்லோடரை, அதாவது லினக்ஸை ஏற்றிவிடும் நிரலை எழுப்பும். யூ-பூட் டிஸ்க்கின் முதல் பகுதிக்குள் போய் லினக்ஸின் மையக்கருவான கேர்னலையும், அதோடு சேர்ந்த ஆரம்பக் கோப்பையும் எடுத்துத் தற்காலிக நினைவகத்தில் வைத்து ஓடவிடும். அதற்குப் பிறகுதான் டெபியன், அதற்கும் பிறகுதான் உங்கள் தேவாரம். பெறாமகனின் அப்டேட், யூ-பூட்டைத் தொட்டிருக்காது. கேர்னலையும் ஆரம்பக் கோப்பையும்தான் மாற்றியிருக்கும். லைட் மினுங்குகிறது என்றால் யூ-பூட் உயிரோடு நின்று, தேடிய கேர்னல் சரியாக இல்லாமல் திகைக்கிறது என்பதே என் கணிப்பு.

2022 மார்ச்சில் நாளுக்குப் பத்து மணித்தியாலம், பதின்மூன்று மணித்தியாலம் என்று மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். அப்போது என் சொந்தப் பெட்டிக்கும் இதுதான் நடந்தது. அப்டேட் முடிகிற நேரம் கரண்ட் போய்விட்டது. இரவு கரண்ட் வந்தபின் போர்டில் உள்ள நான்கு ஊசிகளில் மூன்றில் சீரியல் வயர் கொழுவி, பெட்டி அனுப்பும் எழுத்துகளை லப்டொப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். யூ-பூட் மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணியது. கேர்னலின் பெயர், அளவு, ஏறவேண்டிய முகவரி எல்லாம் ஒவ்வொரு வரியாக வந்தது. "வெரிஃபையிங் செக்சம்" என்று ஒரு வரி. ஒரு மூச்சு விடும் நேரம். அதே வரியின் முடிவில் "பேட் டேட்டா சிஆர்சி". கோப்பின் தலைப்பில் எழுதியிருந்த கூட்டுத்தொகையும் உள்ளே இருந்ததும் ஒத்துவரவில்லை, அதாவது பாதி எழுதிய கோப்பு. டிஸ்க்கில் ஒரு கீறலும் இல்லை.

சரி, நீங்கள் செய்யவேண்டியது. அடப்டரைக் கழற்றிவிட்டு டிஸ்க்கை வெளியே எடுங்கள். டிஸ்க்கைச் செருகி யூஎஸ்பியில் கொழுவும் சாட்டா டொக் ஒன்று வேண்டும். மூன்றரை அங்குல டிஸ்க் என்றால் 12 வோல்ட் அடப்டரோடு வருவதாகப் பாருங்கள், யூஎஸ்பி மின்சாரம் மட்டும் அதைச் சுற்றவைக்கப் போதாது. பக்கத்து வீட்டுப் படிக்கிற பிள்ளை யாரிடமாவது, நிறுவாமலே ஓடக்கூடிய லினக்ஸ் பென் டிரைவ் ஒன்றால் லப்டொப்பை எழுப்பச் சொல்லுங்கள். டிஸ்க்கை "வாசிக்க மட்டும்" என்ற முறையில் திறந்து, அம்மாவின் பாட்டுகளை முதலில் வேறொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுங்கள். பிரதி எடுத்து, அதில் ஒரு பாட்டைப் போட்டுக் கேட்டும் பாருங்கள். அதுவரைக்கும் வேறு எதிலும் கைவைக்கவேண்டாம். (ஒன்றுக்கொன்று நகலாக இரண்டு டிஸ்க் வைத்திருப்பவர்கள் ஒன்றை மட்டும் எடுங்கள். எந்தத் தட்டில் இருந்தது என்று பென்சிலால் எழுதியும் வையுங்கள்.)

அப்புறம் பெட்டியை எழுப்பும் வேலை. பெறாமகனை வீடியோ அழைப்பில் வைத்துக்கொண்டு, டிஸ்க்கின் முதல் பகுதியைத் திறந்து பாருங்கள். அங்கே யூஇமேஜ் என்று கேர்னலும், யூஇனிட்ஆர்டி என்று ஆரம்பக் கோப்பும் இருக்கும். டெபியனில் ஃபிளாஷ்-கேர்னல் என்ற கருவிதான் இவற்றை யூ-பூட்டுக்கு விளங்கும் உறைக்குள் போட்டுத் தருகிறது. புதியதை வைக்கும்போது பழையதை "பேக்" என்ற வாலோடு பக்கத்திலேயே விட்டும் வைக்கிறது. அளவுகளை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். புதியது பூச்சியமாகவோ, பழையதைவிட நன்றாகக் குறைந்தோ இருந்தால் சந்தேகமே இல்லை. அந்தப் பகுதி நிரம்பி வழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய கேர்னல்கள் குவிந்து இடமில்லாமல் போவதும் கோப்பு பாதியில் அறுபட ஒரு காரணம். புதியவை இரண்டுக்கும் வேறு பெயர் வைத்து, பழையவை இரண்டின் வாலையும் நீக்குங்கள். இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும், கேர்னல் பழையது, ஆரம்பக் கோப்பு புதியது என்று கலந்தால் வேறு வில்லங்கம் வரும். டிஸ்க்கை ஒழுங்காக வெளியேற்றிவிட்டுப் பெட்டிக்குள் போட்டு, ஐந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். முதல் தடவை டிஸ்க்கைச் சோதித்துக்கொண்டு எழும்புவதால் சுணங்கும்.

பெறாமகனுக்கு ஒரு சொல்: தம்பி, "முதல் பகுதியைப் புதிதாகவே அமைத்துவிடுவோம்" என்று வெளிக்கிட்டால், அதை எக்ஸ்ட்2 என்றே அமையுங்கள், ஐநோட் அளவு 128 என்றும் கொடுங்கள். இன்றைய லினக்ஸ் எக்ஸ்ட்4 ஐ அமைக்கும்போது 2016 வாக்கில் வந்த புதிய அம்சங்களைத் தானாகவே சேர்த்துவிடும். அதற்கு முந்திய யூ-பூட்டுக்கு அவை விளங்காது. கோப்பு கண் முன்னே இருக்கும், அது "இல்லை" என்று சொல்லும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு இரவு போனது.

கேள்வி: எங்கள் பெட்டி பகலில் நல்லாக ஓடும். பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு தானாக நின்று நின்று எழும்புகிறது. டிஸ்க் "டிக்" என்று ஒரு சத்தம், பிறகு லைட் முதலில் இருந்து. லினக்ஸைத் திரும்ப நிறுவினால் சரிவருமா?
— வாசகர், பருத்தித்துறை

பதில்: சரிவராது அண்ணை. லினக்ஸில் கைவைக்க முதல் அடப்டரை மாற்றுங்கள். மூன்றரை அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் சில வினாடிகளுக்கு 12 வோல்ட்டில் ஏறத்தாழ 2 அம்பியர் இழுக்கும். பழைய அடப்டரின் வீங்கிய கப்பாசிட்டர்களால் அதைக் கொடுக்க முடியாது. வோல்டேஜ் விழும், பெட்டி செத்து எழும்பும், டிஸ்க் திரும்பச் சுழலப் பார்க்கும், திரும்ப விழும். பின்னேரம் எல்லா வீட்டிலும் லைட்டும் ஃபானும் போட, லைனில் வோல்டேஜ் குறைவதும் சேர்ந்துகொள்கிறது. சும்மா வைத்து மீற்றரில் அளந்தால் 12 என்று வடிவாகக் காட்டும், அதை நம்பவேண்டாம். டிஸ்க் ஓடும்போது அளந்து பாருங்கள். ஒரு டிஸ்க்குக்கு 3 அம்பியர், இரண்டுக்கு 5 அம்பியர் உள்ளதாக வாங்குங்கள். நீங்கள் கடற்கரைக்குக் கிட்ட என்பதால் அடப்டர் முனையில் உப்புப் பிடித்துப் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பார்த்துத் துடைத்துவிடுங்கள்.

கேள்வி: அண்ணா, என்னிடம் உள்ளது மார்வெல் கேர்க்வுட் சிப் பெட்டி. புது யூ-பூட்டை நான்டில் எழுதும்போது கரண்ட் போய்விட்டது. இப்போது ஒரு லைட்டும் இல்லை. சீரியல் வயர் கொழுவினால் திரை வெறுமை. முந்தி ஒருமுறை கொழுவியபோது கிறுக்கல் எழுத்துகள் வந்தன. பெட்டி முடிந்ததா?
— பல்கலைக்கழக மாணவர், திருநெல்வேலி

பதில்: முடியவில்லை தம்பி. முதலில் வயரைச் சரிபாருங்கள். கிறுக்கல் வந்தது வேகம் பிழை என்பதால் இருக்கலாம், 115200 என்று வையுங்கள். கிரவுண்ட் வயர் சரியாகப் பிடிக்காவிட்டாலும் கிறுக்கும். பெட்டியின் அனுப்பும் ஊசி உங்கள் வயரின் வாங்கும் பக்கத்துக்கும், வாங்கும் ஊசி அனுப்பும் பக்கத்துக்கும் போகவேண்டும். நாலாவது ஊசியை, அதாவது மின்சார ஊசியை, எதிலும் கொழுவவேண்டாம். உங்கள் வயர் 3.3 வோல்ட்டுக்கு உரியதா என்று பாருங்கள். 5 வோல்ட் போனால் சிப்பே கருகிவிடும், அதற்கு வைத்தியம் இல்லை.

இனி நல்ல செய்தி. நான்டில் இருந்த யூ-பூட் அழிந்தாலும், சிப்புக்குள் பதிந்த நிரலை யாராலும் அழிக்க முடியாது. கேர்க்வுட்டில் அந்த நிரல், கரண்ட் வந்த கணத்தில் சீரியல் வயரில் ஒரு குறிப்பிட்ட பைட் வரிசை வருகிறதா என்று காதுகொடுக்கும். வந்தால் யூ-பூட்டை வயர் வழியாகவே வாங்கிக்கொள்ளும். யூ-பூட்டோடு வரும் கேடபிள்யூ-பூட் என்ற கருவி இதற்கென்றே எழுதப்பட்டது. கருவியை ஓடவிட்டு, அது கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பெட்டிக்குக் கரண்ட் கொடுங்கள். முதல் தடவையே பிடிக்காது, எனக்கு ஏழாவது எட்டாவது தடவையில் பிடித்ததும் உண்டு. சுவிட்சைப் போட்டு நிப்பாட்டி, போட்டு நிப்பாட்டிப் பாருங்கள். பிடித்துவிட்டால் 512 கிலோபைட் கோப்பு அந்த வேகத்தில் ஏற ஒரு நிமிடம் அளவில் எடுக்கும். சதவீதம் மெல்ல மெல்ல ஏறும், பிறகு யூ-பூட்டின் முதல் வரி வரும். அந்த வரியைக் காணும் சந்தோஷம் தனி. சிப்பின் பூட் ரொம் 1.21 ஆக இருந்தால் இது வேலை செய்யும். 1.11 உள்ள பழைய சிப்புகளில் இந்த வழியில் கோளாறு உண்டு.

இப்படி ஏறியது தற்காலிக நினைவகத்தில் மட்டும்தான் இருக்கிறது, நிப்பாட்டினால் போய்விடும். நான்டில் எழுத முதல் யூபிஎஸ் ஒன்றில் பெட்டியையும் லப்டொப்பையும் கொழுவுங்கள். யாரிடமாவது கேட்டு இரவல் வாங்கியாவது கொழுவுங்கள். யூ-பூட் எதை எங்கிருந்து எழுப்புவது என்று சொல்லும் அமைப்பு மாறிகளை மாற்றிப் பார்க்கும்போது சேமிக்காமலே ஒருமுறை எழுப்பிப் பாருங்கள். பிழைத்தால் நிப்பாட்டிப் போட்டதும் பழையபடி வந்துவிடும். சரியாக எழும்பிய பிறகு சேமித்தால் போதும்.

கடைசியாக ஒன்று. வேறொருவர் தந்த மாறிக் கோப்பை அப்படியே ஏற்றினால் அவருடைய பெட்டியின் மாக் முகவரியும், அதாவது நெட்வொர்க்கில் அந்தப் பெட்டியை அடையாளம் காட்டும் இலக்கமும், சேர்ந்தே வந்துவிடும். ஒரே கோப்பை வைத்து இரண்டு பெட்டி திருத்தினால், ஒரே ரூட்டரில் இரண்டும் ஒன்றையொன்று தள்ளிவிட்டுக்கொண்டு நிற்கும், காரணம் தெரியாமல் நீங்கள் கேபிளை மாற்றிக்கொண்டிருப்பீர்கள். பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள், அடியில் ஒட்டியிருக்கும் வெள்ளைத் தாளில் பன்னிரண்டு எழுத்தும் இலக்கமுமாக அதன் சொந்த முகவரி இருக்கும். மை அழிய முதல் அதைப் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.